‘காரியக்காரி’ என்றால் பாராட்டா, வசவா?

கேள்வி: எனக்குப் பிறந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி 3 வருடமாகக் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். வேலை அம்பாசமுத்திரத்தில். 2 மாதத்துக்கு முன் என் நாத்தனாரின் வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. சமையலுக்கு ஆள் பேசியது, வளையல் வாங்கியது, பந்தி பார்த்தது எல்லாம் நான்தான். விசேஷம் முடிந்ததும் பிரிக்காத மளிகைப் பொட்டலங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்து, கணக்கில் 800 ரூபாய் குறைத்தேன். அப்போது அத்தை (மாமியார்) சொந்தக்காரர்கள் முன்னால், “எங்க மருமவ காரியக்காரில்லா!” என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் இந்தச் சொல்லைத் திட்டுவதற்குத்தான் சொல்வார்கள். அடுத்த வாரம், என் போனஸ் பணத்தை என் பெயரில் அஞ்சலகத்தில் போட்டது தெரிந்து, கணவரின் சித்தி, “சரியான காரியக்காரிதான்” என்றார். சென்னையில் இருக்கும் தோழியைக் கேட்டால், “சுயநலவாதி என்று அர்த்தம்” என்கிறாள். கணவரோ “அது நல்ல வார்த்தைதான்” என்று சிரிக்கிறார். நான் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசி 2 மாதமாகிறது. அவர் எப்போதும் போலத்தான் இருக்கிறார். அரங்குச் சாவியைக்கூட என்னிடம்தான் தருகிறார். நீங்கள் மொழியியல் படித்தவர், இந்தப் பக்கத்துக்காரர். அகராதிப்படி இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அத்தையிடம் விளக்கம் கேட்கலாமா?
(பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். அத்தை சொன்னது பாராட்டு. சித்தி சொன்னது வசவு. உங்கள் கணவர் பாதி சரி, சென்னைத் தோழி பாதி சரி. ஆனால் 2 மாதமாக உங்கள் மௌனத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவர் பாராட்டியவர்தான். சித்தி நிம்மதியாக இருப்பார்.

அகராதியைத் திறக்கலாம். அது உங்களுக்கு அதிகம் உதவாது. அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். சொன்னவர் முகத்தைக் காட்டாது. முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். காரியம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான். ‘காரன்’, ‘காரி’ என்ற ஒட்டு அதைவிட அப்பாவி. பால்காரர், ஊர்க்காரர், பணக்காரர், கோபக்காரர் என்று எதன் பின்னாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நல்லது கெட்டது எதையும் அது சொல்லாது. ஆகவே காரியக்காரி என்றால் காரியம் உடையவள், காரியம் பார்ப்பவள். இதில் எங்கே திட்டு இருக்கிறது? சொல்லுக்குள் இல்லை. ஒரு கேள்வியைச் சொல் திறந்தே விட்டிருக்கிறது: யாருடைய காரியம்? கேட்பவர் அதை நிரப்பிக்கொள்கிறார். வீட்டுக் காரியம் என்று நிரப்பினால் கெட்டிக்காரி. தன் காரியம் என்று நிரப்பினால் நீங்கள் பயப்படுகிற அர்த்தம்.

எனக்கு இது வகுப்பில் புரியவில்லை. பஸ்ஸில் புரிந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பெரியம்மை கிளம்பினாள். திருநெல்வேலி சந்திப்பில் பாபநாசம் பஸ் வந்து நிற்கும் முன்பே கூட்டம் அதோடு ஓடியது. நானும் ஓடினேன். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒரு இடம் பிடித்தேன். பின்னால் ஏறிய ஒரு பெரியவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரியான காரியக்காரனா இருக்கானே” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து முழங்கால் வலியோடு பெரியம்மை ஏறி வந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்: “எம்புள்ள காரியக்காரம்லா!” அதே துண்டு, அதே இடம், அதே சொல். பெரியவருக்கு நான் எனக்காக இடம் பிடித்தவன். பெரியம்மைக்கு நான் அவளுக்காக இடம் பிடித்தவன். பெரியவர் அப்புறம் பாபநாசம் வரை நின்றுகொண்டேதான் வந்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இந்த ‘யாருடைய’ என்பதைப் பழைய எழுத்துகள் விடாமல் சொல்லிவிடும். நாயக்கர் காலக் கல்வெட்டுகளில் ‘இன்னாருடைய காரியத்துக்குக் கர்த்தரான இன்னார்’ என்று திரும்பத் திரும்ப வரும். அதாவது இன்னாருக்காக நிர்வாகம் பார்ப்பவர். யார் காரியம் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது, பிறகுதான் ஆள். சோழர் காலத்திலிருந்தே கோயில் நிர்வாகத்துக்கு ஸ்ரீகாரியம் என்று பெயர். வைணவக் கோயில்களில் அதைப் பார்ப்பவரையும் அப்படியே அழைப்பார்கள். அங்கே காரியம் பெருமாளுடையது, சந்தேகமே இல்லை.

நம் மேற்கு எல்லையைத் தாண்டினால் இன்னும் சுவாரசியம். திருவிதாங்கூர் அரசில் காரியக்காரர் என்பது பதவியின் பெயர். இன்றைய தாசில்தார் மாதிரி ஒரு பகுதியின் நிர்வாகி. பின்னால் தளவாய் (தலைமை அமைச்சர்) ஆன வேலுத்தம்பி, அதற்கு முன் மாவேலிக்கரையில் காரியக்காரராக இருந்தவர்தான். தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து தென்காசி போய் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் செங்கோட்டை. அது திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்து, 1956-ல் மாநில எல்லை பிரித்தபோது திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்த ஊர் (இப்போது தென்காசி மாவட்டம்). அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் “காரியக்காரர் வருகிறார்” என்று சொன்னால் யாரும் கூடத்தில் உட்கார்ந்து சிரித்திருக்க மாட்டார்கள். எழுந்து நின்றிருப்பார்கள்.

பதவி போனது, சொல் நின்றது. யாருக்காக என்பதைச் சொல்வதும் பேச்சில் உதிர்ந்துபோனது. சொல்லாமல் விட்ட இடத்தில் ‘தன்’ வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு. மொழியியலில் இப்படிப் பொருள் கீழே இறங்குவதை இழிபொருட்பேறு என்போம். உதாரணம் கேட்டால் எல்லோரும் ‘நாற்றம்’ என்பார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் வேறு: ‘பிழைக்கத் தெரிந்தவன்’. எழுத்தைக் கூட்டிப் படித்தால் அதைவிட நல்ல சொல் உண்டா? ஆனால் ஒருவரை முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிப் பாருங்கள். ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்றால்தான் நமக்கு அன்பு வருகிறது. நாமெல்லாம் பிழைக்கத்தானே பாடுபடுகிறோம், பிறகு ஏன் இந்தச் சங்கடம் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

காரியம் என்ற சொல் மட்டும் இன்னும் மரியாதையோடுதான் இருக்கிறது. காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று கேட்டால் காரியம்தான் பெரிது என்று ஊரே சொல்லும். நல்ல காரியம் என்றால் கல்யாணம். சில ஊர்களில் வெறுமனே காரியம் என்றால் கருமாதி. ‘காரி’யோ ‘காரனோ’ சேரும்போதுதான் ஊர் புருவத்தை உயர்த்துகிறது.

இதே விஷயத்தை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ம் நூற்றாண்டில் பாராட்டாகவே பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள், ‘கருமமே கண்ணாயினார்’ என்று முடிகிற நீதிநெறி விளக்கப் பாட்டு. அப்படிப்பட்டவர் உடம்பு வலியைப் பார்க்க மாட்டார், பசியைப் பார்க்க மாட்டார், தூங்க மாட்டார், பிறர் செய்யும் தீமையைப் பொருட்படுத்த மாட்டார், அவமதிப்பையும் மனதில் கொள்ள மாட்டார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் இதைச் சொல்லும்போது கை தட்டுகிறோம். அதே குணத்தை நம் தெருவில் ஒருவரிடம் பார்த்தால், “என்ன சொன்னாலும் உறைக்காது, மறுநாள் வந்து நிப்பான், காரியக்காரன்” என்கிறோம். குணம் ஒன்றுதான். பாட்டில் வருபவரிடம் நமக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது, தெருவில் இருப்பவரிடம் உண்டு.

சரி, உங்கள் கூடத்துக்கு வருவோம். அத்தை சொன்ன வாக்கியத்தை நீங்கள் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. “எங்க மருமவ காரியக்காரில்லா!” முதல் சொல்லைப் பாருங்கள். ‘எங்க மருமவ’. திட்டுகிறவர் திட்டப்படும் பொருளுக்குச் சொந்தம் கொண்டாட மாட்டார். “அவ”, “இவ”, “வந்தவ” என்று தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அடுத்து அந்த ‘ல்லா’. கும்பகோணத்துக் காதுக்கு அது வெறும் இழுவை மாதிரி கேட்டிருக்கும். ‘அல்லவா’ என்பதன் திருநெல்வேலி உருவம் அது. பேசுகிறவர் பக்கத்திலிருப்பவரை “ஆமா” சொல்லச் சொல்லி அழைக்கிறார். பெருமையடிக்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் அது தானாக வரும்: “எம்மவன் டாக்டருக்குல்லா படிக்கான்!” “தாமிரவருணித் தண்ணில்லா!” அந்த வரிசையில்தான் அத்தை உங்களை வைத்தார். சிரிப்பு எழுந்தது உங்களைப் பார்த்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 800 ரூபாய் விட்டுப்போன கடைக்காரரை நினைத்தும் இருக்கலாம்.

சித்தியின் வாக்கியம் வேறு ஜாதி. அதில் ‘எங்க’ இல்லை, ‘மருமவ’ இல்லை. முன்னால் ‘சரியான’ இருக்கிறது. தமிழில் இந்தச் ‘சரியான’ ஒரு விசித்திரமான சொல். ஆளல்லாத பெயருக்கு முன்னால் வந்தால் நல்லது: சரியான விடை, சரியான நேரம். ஆள் பெயருக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் வம்புதான்: சரியான கள்ளன், சரியான கஞ்சன், சரியான முட்டாள். ‘பெரிய காரியக்காரி’ என்றாலும் அதே கதை. கடைசியில் ‘தான்’ போட்டிருக்கிறார். அவர் யாரையும் ஆமா போடக் கூப்பிடவில்லை. தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்.

இங்கே உங்கள் தோழியையும் கொஞ்சம் திருத்த வேண்டும். சித்தி சொன்னது வசவுதான் என்றாலும் அது ‘சுயநலவாதி’ ஆகாது. சுயநலம் மேடைக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் ஏற்ற சொல். பாதி வடமொழி, பாதி தமிழ். தன்னலம் என்றால் முழுத் தமிழ், ஆனால் அது எழுத்தில் மட்டும்தான் நடமாடுகிறது. குழாயடியிலோ வரப்பிலோ இரண்டு பேர் சண்டை போடும்போது “நீ ஒரு சுயநலவாதி” என்று நான் கேட்டதில்லை. அங்கே புழங்குகிற சொற்களுக்கெல்லாம் தனித்தனி அளவு இருக்கிறது. கஞ்சன் எச்சில் கையால் காக்கா ஓட்ட மாட்டான். அவனால் நமக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. காரியக்காரன் அப்படி இல்லை. டீ வாங்கித் தருவான், வடையும் சேர்த்து வாங்கித் தருவான். எதற்கு என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று பழமொழி சொல்வது இந்த ஆளைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதற்கு ‘ஸ்வந்தம் காரியம் சிந்தாபாத்’ என்று கோஷமே வைத்திருக்கிறார்கள். அவர்கள் ‘ஸ்வந்தம்’ என்பதை வெளிப்படையாகப் போட்டுவிடுகிறார்கள், குழப்பமில்லை.

இன்னொரு வித்தியாசம் உண்டு. சுயநலக்காரர் முட்டாளாகவும் இருக்கலாம். தனக்கு என்று எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! காரியக்காரி முட்டாளாக இருக்க முடியாது. திட்டும்போதுகூட அந்தச் சொல்லுக்குள் ஒரு துளி வியப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். எதிர்ச்சொல்லைப் பார்த்தால் இது தெளிவாகும். பாராட்டாகச் சொல்லும் காரியக்காரிக்கு எதிர் ‘கூறு கெட்டவ’. வசவாகச் சொல்லும் காரியக்காரிக்கு எதிர் ‘வெள்ளந்தி’. இனி யாராவது உங்களை அப்படிச் சொன்னால், சொல்கிறவர் மனதில் எதிரே நிற்கும் ஆள் யார் என்று யோசியுங்கள். பொருள் தெரிந்துவிடும். சித்தி மனதில், போனஸ் பணத்தை அப்படியே கொண்டுவந்து வீட்டில் நீட்டும் ஒரு வெள்ளந்தி மருமகள் இருக்கிறாள்.

அந்த வெள்ளந்தி மருமகள் எந்தக் காலத்திலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஆச்சிமார் எல்லோரும் சிறுவாடு சேர்த்தவர்கள். பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு, தாத்தா சட்டைப் பையில் மிச்சம் கிடந்த காசு என்று அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவுக்குள்ளும் போய்விடும். பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட ஆளில்லாதபோது அந்தப் பானை திறக்கும். அவர்களை யாரும் காரியக்காரி என்று ஏசவில்லை. ஏனென்றால் அது ஒளிவாக இருந்தது. நீங்கள் செய்ததும் சிறுவாடுதான், பாஸ்புத்தகத்தில் இருப்பதால் கண்ணில் பட்டுவிட்டது. நீங்கள் சம்பாதித்த பணத்தை உங்கள் பெயரில் போட்டதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இதையே உங்கள் கணவர் செய்திருந்தால் சித்தி “பொறுப்பான புள்ள” என்றிருப்பார். ஆண்களையும் காரியக்காரன் என்று சொல்வதுண்டு, ஆனால் அதற்கு அவன் யாரையாவது ஏமாற்றியிருக்க வேண்டும். பெண் தன் பணத்தைத் தன் பெயரில் வைத்தாலே போதும்.

விளக்கம் கேட்கலாமா என்கிறீர்கள். அத்தையிடம் வேண்டாம். பாராட்டியவரிடம் போய், “நீங்கள் என்னைத் திட்டினீர்களா?” என்று கேட்டால் அந்தப் பாராட்டு செத்துவிடும். பிறகு அவர் உங்களைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். அத்தை மனதில் என்ன இருக்கிறது என்பதற்கு என் இலக்கணத்தைவிட நல்ல சாட்சி உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அரங்கு என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் நகை, நெல், பாத்திரம், பத்திரம் எல்லாம் இருக்கிற உள் அறை. தன் காரியம் மட்டும் பார்க்கிறவள் என்று ஒருத்தியைப் பற்றி நினைக்கும் திருநெல்வேலி மாமியார், அரங்குச் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவே மாட்டார். உங்கள் அத்தை நீங்கள் பேசாமல் இருந்த 2 மாதமும் அதை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்.

சித்தியிடமும் அகராதியோடு போக வேண்டாம். மறுபடி சொன்னால், “ஆமா சித்தி, உங்க காரியம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க, முடிச்சுத் தாரேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லில் காலியாகக் கிடக்கும் இடத்தை நீங்களே நிரப்பிக் கொடுத்தமாதிரி ஆகும். உண்மையிலேயே ஏதாவது காரியம் சொல்லிவிட்டால் செய்துதான் தர வேண்டியிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கணவரிடம் ஒன்று கேட்கலாம். “நல்ல வார்த்தைதான்” என்று சிரித்தவர், சித்தி சொன்னபோது அங்கே இருந்தாரா? இருந்து சும்மா இருந்தாரென்றால், அவரிடம்தான் கொஞ்சம் முகம் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அத்தையிடம் நாளைக் காலையில் சாவி வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். என்ன பேசுவது என்று தடுமாற வேண்டாம், விஷயம் கைவசம் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து 2 மாதம் என்றால் நாத்தனாருக்கு நாள் நெருங்கிவிட்டது, அடுத்து தொட்டில் போட வேண்டும். அதே சமையல்காரர்தானா, வேறு ஆள் பார்ப்போமா என்று கேளுங்கள்.